என் மகன் செய்த பெட்டி கத்திய விவரம்

பாலக்கோடு
8-5-1968

மேன்மை தங்கிய பேராசிரியர் கிருஷ்ணப்பன் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் மாணவன் சலாவுதீனின் தகப்பன், காஸ்லைட் வாடகைக் கடை அப்துல் கனி பணிவோடு எழுதுவது. தாங்களும் குடும்பமும் சுகமாக இருக்க துவா செய்கிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பையன் மூன்று நாளாகச் சோறு தொடாமல் கிடக்கும்போது எப்படி எழுதுவது?

ஐயா, கண்ணுக்குத் தெரியாத துகள்களை எண்ண அவன் செய்த பெட்டியையும், ஒப்பிட்டுச் சோதிக்கத் தாங்கள் செய்து கொடுத்த பெட்டியையும் லீவுக்குக் கொண்டுவந்து அருகருகே வைத்து ஓட்டினான். தங்களுடையது அடக்கமாக டக், டக் என்றது. இவனுடையது நான் கிட்டே போனால் மட்டும் படபடவென்று கத்தியது, நகர்ந்தால் அடங்கியது, என் மனைவி வஹிதா, "ஏங்க, வேற யாரு போனாலும் சும்மாதானே இருக்குது? அப்பிடி என்ன பண்ணுனீங்க, சொல்லிடுங்க" என்று அழுகிறாள், எதிர்வூட்டுக் காளியப்பனோ, "பாய், கொஞ்சம் எட்டவே நில்லுங்க" என்கிறான், நானும் நடுங்கிப்போய், போன ரம்ஜான் நோன்பில் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்ததைக்கூட அவளிடம் சொல்லித் தொலைத்தேன். அதற்கும் அடங்கவில்லை.

பையன் இரண்டு எண்ணிக்கையையும் எழுதி அனுப்ப, தங்கள் கடிதம் வந்தது: ரெண்டும் ஒத்துப்போகவில்லை, உன் பெட்டியை நம்ப முடியாது, திங்கட்கிழமைக்குள் காரணம் சொல்லாவிட்டால் சுரங்கத்துக்குள் துகள் எண்ணப் போகும் ஆராய்ச்சிப் பட்டியலில் உன் பெயர் இருக்காது. அன்றைக்குப் படுத்தவன்தான்.

நேற்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனேன். நான் கிணற்றடியில் நிற்கிறேன், பெட்டி சட்டையைப் பார்த்துக் கத்துகிறது! பையைக் கொட்டினால் காஸ்லைட்டுக்குக் கட்டுகிற மேண்டில் வலை ஒரு டஜன். "அத்தா, மேண்டில்லே தோரியம் இருக்குது! அதுலேர்ந்து வர்ற துகளத்தான் எண்ணியிருக்குது!" என்று பையன் எழுந்து குதித்தான்; தங்கள் பதில் வரும்வரை சோறு மட்டும் வேண்டாமாம். ஆகவே குற்றம் என் சட்டைப் பையுடையது. தங்கள் பெட்டியில் ஒரு குறையும் இல்லை. அவனை மன்னித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். தங்கள் கையால் படித்த பிள்ளைகள் எல்லாம் பேரோடு விளங்க ஆண்டவன் அருள் செய்வானாக.

இப்படிக்கு,
அப்துல் கனி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன் ஒரு சந்தேகம் வந்து, அந்த ஒரு டஜன் மேண்டிலையும் தங்கள் பெட்டியின் தலையிலேயே வைத்தேன். அரை மணி நேரம். அதே டக், டக், ஒன்றுகூடக் கூடவில்லை. "எழுதாதீங்க அத்தா, சாருக்குக் கோவம் வந்தா என் படிப்பே போயிடும்" என்று சலாவுதீன் என் காலைப் பிடிக்கிறான். இருந்தாலும் தங்கள் பெட்டியை மேண்டிலோடு கட்டி இன்றைய பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன். அவன் பெட்டி கத்தியது பொய்யில்லை, ஐயா. பையன் பெயரை மட்டும் அடித்துவிடாதீர்கள்.