பதினொன்று நாற்பதில் பிறந்த கவிதைகள்

தென்புறநகர் வசதிகள் அலுவலகத்தைப் பற்றி யாரும் வாயால் குறை சொல்லக் கூடாது. சொல்வதானால் எழுத்து மூலம் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் மேற்குத் தாம்பரத்தில், அந்த அலுவலகத்துக்கு நேர் எதிரே, என் கடை இருக்கிறது. ஜெராக்ஸ், டைப்பிங், மனு எழுதுதல். என் பெயர் யாசீன். பாய் கடை என்று கேட்டால் நாய்கூட வழி காட்டும்.

அலுவலகத்தில் கீழே தபால் பிரிவு, முதல் மாடியில் வீடு ஒதுக்கீடு, இரண்டாம் மாடியில் வடிகால். சென்ற ஆண்டு தணிக்கைக்கு வந்தவர்கள் ஒரு குறையைக் கண்டுபிடித்தார்கள். கணவன் மனைவி இருவர் பெயரிலும் கொடுத்த வீடுகளில் முப்பத்தோரு ஜோடிகள் பிரிந்து, வீடு யாருக்கு என்று கோர்ட்டுக்குப் போயிருந்தார்கள். ‘பிரியக்கூடியவர்கள் என்பது ஒதுக்கீட்டுக்கு முன்பே ஏன் கண்டறியப்படவில்லை?’ என்று தணிக்கை கேட்டது. கேள்வி நியாயமானது என்று அலுவலகம் கருதியது. அன்றிலிருந்து விண்ணப்பத்தில் பதினேழாவது கட்டமாக ஜாதகப் பொருத்தம் சேர்ந்தது.

காலேப்பும் சுஜியும் அந்தக் கட்டத்தில்தான் மாட்டிக்கொண்டார்கள். காலேப்புக்குப் பல்லாவரத்தில் தோல் பை தைக்கும் வேலை. வீடு ஒரே அறை, அதில் ஆறு பேர். சுஜி கிண்டியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாள். இருவரும் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போகிறவர்கள். அவள் அம்மா தபீதாள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: “வீட்டுச் சாவி கையில வரட்டும், அப்புறம் சர்ச்சுல கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கச் சொல்றேன். ஏழாவது ஆளா என் பொண்ணு எங்க படுப்பா?” ஒதுக்கீடு மாதக் கடைசியோடு முடிகிறது. சாவி இல்லையென்றால் கல்யாணம் இல்லை.

“ஜாதகம்னு போட்டிருக்கே பாய், எங்க கிட்ட ஞானஸ்நான சர்டிஃபிகேட்தான் இருக்கு” என்றான் காலேப்.

நான் அவர்களை மாடிக்கு அழைத்துக்கொண்டு போனேன். கண்காணிப்பாளர் வேதசிரோமணி நல்ல மனிதர். ஞாயிறு முதல் ஆராதனையைத் தவற விடமாட்டார்.

“சார், நீங்களும் இவங்க மாதிரிதானே? ஜாதகத்துக்கு எங்க போவாங்க?” என்றேன்.

“எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது பாய். சர்க்குலருக்கு இருக்கு. நான் சர்க்குலருக்குக் கீழ வேலை பாக்கறேன்.” கண்ணாடியை ஏற்றிக்கொண்டு புரட்டினார். “ஜாதகம் இல்லாதவங்களுக்கும் வழி வெச்சிருக்கு. ஆளுக்கு ஒரு காதல் கவிதை குடுக்கணும். எட்டு வரி. ஒரு இடத்துலயாவது தலையெழுத்தைப் பத்தி வரணும்.”

“கவிதைக்கும் ஜாதகத்துக்கும் என்ன சார் சம்பந்தம்?” என்றாள் சுஜி.

“கவிதைக்கு ஜாதகம் கணிப்போம்மா. தபால் பிரிவு முத்திரையில தேதி, நேரம் இருக்குல்ல? அதான் பிறந்த நேரம். ரெண்டு கவிதைக்கும் பொருத்தம் இருந்தா ரெண்டு பேருக்கும் இருக்குன்னு அர்த்தம். கவிதை பொய் சொல்லும். சீல் பொய் சொல்லாது.”

என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து இருவரும் எழுதினார்கள். ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்கக் கூடாது என்று சுஜி நடுவில் ஒரு அட்டையை நிறுத்தினாள். காலேப் எழுதியது இது:

எட்டு பன்னிரண்டு வண்டியை விட்டேன்;
எட்டு இருபதில் நீ இருந்தாய்.
நடுவில் நாற்பது பேர் நின்றார்கள்,
நாற்பது பேரும் எனக்குத் தெரியவில்லை.
பல்லாவரத்தில் இறங்க வேண்டியவன்
கிண்டியில் இறங்கித் திரும்பி வந்தேன்.
எட்டு நிமிடம் தாமதம் செய்து
என்னைக் காப்பாற்றியது தலையெழுத்து.

பையன் தேறிவிட்டான் என்று நினைத்தேன். தபால் பிரிவில் ரத்தினபாய் அக்கா இரண்டு தாளையும் வாங்கிக் கூடையில் போட்டார். அவர் காலையிலிருந்து வருவதையெல்லாம் கூடையில் சேர்த்து, டீ குடித்துவிட்டு, பதினொன்று நாற்பதுக்கு மொத்தமாக முத்திரை குத்துவார். இருபது வருடப் பழக்கம்.

மூன்று நாளில் பதில் வந்தது. நிராகரிப்பு.

“ரெண்டும் ஒரே நாள், ஒரே நிமிஷம்” என்றார் வேதசிரோமணி வருத்தத்தோடு. “ரெண்டுக்கும் கேட்டை நட்சத்திரம். ரஜ்ஜு தட்டுது. மத்த பொருத்தம் எல்லாம் இருந்து ரஜ்ஜு இல்லன்னா ஒண்ணும் பண்ண முடியாது.”

“அந்த அக்கா டீ குடிக்கப் போனதுக்கு எங்களுக்கு ரஜ்ஜு தட்டுமா சார்?”

“கிரகம் எதுல வேணா வேலை செய்யும் தம்பி. பொண்ணு கவிதையை மட்டும் அடுத்த வாரம் மறுபடி குடுங்க.”

அடுத்த புதன்கிழமை சுஜி தன் கவிதையைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தாள். நானும் கூடவே போனேன். எனக்கும் ஒரு வேலை இருந்தது. என் கடை வாசல் கால்வாய் மூன்று வருடமாக அடைத்துக் கிடக்கிறது. பதின்மூன்று மனு கொடுத்துவிட்டேன். பதினான்காவதைக் கொஞ்சம் மனம் விட்டு எழுதியிருந்தேன்.

மறு வாரம் ஒதுக்கீட்டு ஆணை வந்தது. மூன்றாம் மாடி, நல்ல காற்றோட்டமான வீடு. கூட்டாகப் பெறுவோர்: திரு. காலேப், திரு. யாசீன்.

நான் ஆணையைத் தலைகீழாகக்கூடப் பிடித்துப் பார்த்தேன். பெயர் மாறவில்லை. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. வீட்டில் மனைவி ஷரீஃபா இருக்கிறாள். அவளிடம் இதை எந்த வார்த்தையில் சொல்வது?

மூவரும் மாடிக்கு ஓடினோம். வேதசிரோமணி எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தார்.

“பத்துக்குப் பத்து பாய்! என் சர்வீஸ்ல நான் பாத்ததில்ல.”

“சார், நான் குடுத்தது சாக்கடை மனு!”

“அப்படியா?” என்று என் தாளை எடுத்து உரக்கப் படித்தார்:

‘ஐயா, இத்துடன் பதினான்காவது முறையாக எழுதுகிறேன். ஒருமுறைகூடத் தாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. என் தெரு தங்களுக்குத் தெரியும். வருவேன் என்றீர்கள், வரவில்லை. மேகம் கறுத்தாலே என் நெஞ்சு பதறுகிறது. இன்னும் எத்தனை மழைக்காலம் காத்திருப்பது? இதுதான் என் தலையெழுத்தா? அடைப்பு நீங்க ஆவன செய்க.’

படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எட்டு வரி. தலையெழுத்தும் வருது. அந்த வார்த்தை இருக்கற தாள் எல்லாம் எங்க பிரிவுக்குத்தான் வரணும்னு உத்தரவு. அடைப்புன்னு நீங்க சொல்றது நெஞ்சடைப்புன்னு கமிட்டி எடுத்துக்கிச்சு.”

“என் கவிதை என்ன ஆச்சு?” என்றாள் சுஜி.

“உன் கவிதைக்கும் இவர் மனுவுக்கும் ஒரே முத்திரைம்மா, அதே பதினொன்று நாற்பது. ரெண்டுமே காலேப் கவிதையோட பத்துக்குப் பத்து. ஆனா உன்னோடதுல தலையெழுத்து இல்ல.”

“போன தடவை அதைச் சொல்லலயே சார்?”

“போன தடவை ரஜ்ஜு தட்டினதால படிக்கிற கட்டம் வரல.”

சுஜியின் தாளை அப்போதுதான் காலேப் முதன்முதலாகப் பார்த்தான்.

எட்டு பன்னிரண்டை நீ விட்டது
அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கியதால்.
மறுநாளும் எட்டு இருபதில் வந்தாய்;
அன்று நீ தூங்கவில்லை, எனக்குத் தெரியும்.
கிண்டி வரைக்கும் டிக்கெட் எடுத்திருந்தாய்,
சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தாய்.
யாரும் உன்னை அனுப்பவில்லை.
நீயாகத்தான் வந்தாய். அது போதும் எனக்கு.

காலேப் அதை இரண்டு முறை படித்தான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்கும் கண் கரித்தது. நான் ஜெராக்ஸ் மெஷின் தூசிமேல் பழியைப் போட முடியாத தூரத்தில் இருந்தேன்.

“கடைசியில தலையெழுத்துன்னு ஒரு வார்த்தை சேத்துடும்மா. முடிஞ்சுது” என்றார் வேதசிரோமணி.

“மாட்டேன் சார். இவன் தூங்கினான், அப்புறம் எனக்காக எழுந்து வந்தான். இதுல தலையெழுத்து எங்க வந்துச்சு? வீட்டுக்காக என் கவிதையில கை வைக்க மாட்டேன்.”

“அப்ப நான் விலகிக்கறேன் சார்” என்றேன்.

“பத்துப் பொருத்தத்தோட விலகறதா? ஒரு வருஷம் கூடி வாழ்ந்து, ஒத்து வரலன்னு காட்டணும் பாய்.”

மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. சுஜிதான் கேட்டாள்: “யாசீன் அண்ணாவோட மனுவை அப்படியே ஜெராக்ஸ் எடுத்து என் பேர்ல குடுத்தா?”

வேதசிரோமணி சர்க்குலரைப் புரட்டினார். முகம் மலர்ந்தது. “நகலுக்கும் அசலோட ஜாதகம்தான்! ஆணையில ‘யாசீன் என்பதைச் சுஜி என்று திருத்தி வாசிக்கவும்’னு ஒரு திருத்தம் போட்டா போதும். ஆனா பாய், உங்க மனு அப்புறம் நிரந்தரமா கவிதைதான். ஒரே தாள் ரெண்டு மாடியில இருக்க முடியாது. அதே கால்வாயைப் பத்தி மறுமனுவும் குடுக்க முடியாது.”

மூன்று வருடக் கால்வாய். நான் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தேன். “எடுத்துக்குங்க சார்” என்றேன்.

மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். நான்காம் வாரம் கல்யாணம். நானும் ஷரீஃபாவும் முதல் பந்தியில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தோம். கதை இங்கேயே முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்லது.

ஒரே மனுவால் சாவி கிடைத்தது என்ற செய்தி தாம்பரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து பெரும்பாக்கம் வரை பரவியது. மறுநாளிலிருந்து ஜோடி ஜோடியாக வந்தார்கள். “அண்ணா, அந்த மேகம் கறுத்தாலே குடுங்கண்ணா.” ஜாதகம் கையில் இருந்தவர்கள்கூட அதை ஒதுக்கிவிட்டு என் மனுவைக் கேட்டார்கள். கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்தார்கள், காபிக் கோப்பையில் போட்டார்கள். ‘அடைப்பு நீங்க ஆவன செய்க’ என்று கையில் பச்சை குத்திக்கொண்டு ஒரு பையன் வந்து காட்டினான். ரத்தினபாய் அக்காவுக்கு முத்திரை குத்திக் கை வீங்கிவிட்டது. “இன்னா பாய், ஊரே லவ்வுல கீதா? பேஜாரா பூட்ச்சு!” என்று என்னைத் திட்டினார்.

உண்மையிலேயே கால்வாய் அடைப்பால் அவதிப்பட்டவர்களும் வந்தார்கள். அவர்களும் அந்த ராசியான மனுதான் வேண்டும் என்றார்கள். தலையெழுத்து என்ற வார்த்தை இருந்தால் தாள் முதல் மாடியோடு நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது, அதனால் சொல்லவில்லை.

ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் மழை பெய்தது. ஐந்தாம் நாள் காலையில் என் கடையில் முழங்கால் அளவு தண்ணீர். நான் மேசைமேல் உட்கார்ந்திருந்தபோது வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வேதசிரோமணி தண்ணீருக்குள் நடந்து வந்தார். அவர் வீடு தரைத்தளம்.

“பாய், கட்டில் மிதக்குது. மேல வடிகால் பிரிவுல கேட்டா, இந்த மழைக்காலத்துல புறநகர்ல ஒரு சாக்கடைப் புகார்கூட வரலன்னு கையெழுத்துப் போட்டுக் கடிதமே வெச்சிருக்கான். அவசரமா ஒரு மனு எழுதுங்க.”

“என்ன எழுதணும் சார்?”

“அதான் உங்களோடது இருக்கே, அதையே எழுதுங்க. எனக்குப் படிக்கிறப்பவே அழுகை வந்தது அதுதான்.”

“சார், அதுல தலையெழுத்துன்னு வருது. உங்க மாடிக்கே வந்துடும்.”

அவர் யோசித்தார். “அந்த வார்த்தை இல்லாம மனு வலுவா இருக்காது பாய்” என்றார். கையால் எழுதிக் கொடுத்தேன். ரத்தினபாய் அக்கா டீ குடித்துவிட்டு வந்து, பதினொன்று நாற்பதுக்கு முத்திரை குத்தினார். புகார் எதுவும் இல்லை என்ற வடிகால் பிரிவுக் கடிதம், முதல் நாள் முத்திரையோடு, அதே கூடையில் கிடந்தது. இரண்டும் சேர்ந்தே முதல் மாடிக்குப் போயின.

தண்ணீர் வடிய ஒன்பது நாள் ஆயிற்று. பத்தாம் நாள் வேதசிரோமணி ஒரு தாளோடு என் கடைக்கு வந்தார். அவருடைய மனுவுக்கும் வடிகால் பிரிவின் கடிதத்துக்கும் பொருத்தம் பார்த்திருந்தார்கள்.

“எத்தனை சார்?”

“பத்துக்குப் பத்து பாய்” என்றார். “ஆயுசுக்கும் பிரிய மாட்டாங்களாம். ஒரு ஜெராக்ஸ் எடுங்க.”

எடுத்துக் கொடுத்தேன்.