மூன்று நிமிஷப் பாட்டு

இந்த மாதம் கீபோர்டு வாங்கியே தீருவது என்று லிஃப்ட் மெக்கானிக் முடிவு செய்துவிட்டார். பாட்டு வாசிக்கும் நிஜக் கீபோர்டு. கட்டையை அழுத்தினால் விரலுக்குத் தெரிய வேண்டும். கம்ப்யூட்டரில் இருக்கும் மென்பொருள் வாத்தியங்களுக்கு உயிர் இல்லை, ஆறு வருஷமாகத் தன்னால் ஒரு பாட்டைக்கூட முடிக்க முடியாததற்கு அதுதான் காரணம் என்று மனைவியிடம் விளக்கினார்.

மனைவிக்குப் பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை. தினமும் இரண்டு வேளை பல் தேய்ப்பதாகப் பொய் சொல்பவர்களை, நாற்காலியில் சாய்வதற்கு முன்பே கண்டுபிடித்துவிடுவாள். அவள் மறுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"இருக்கிறதை வச்சு மூணு நிமிஷத்துக்குச் சொந்தமா ஒரு பாட்டு போடுங்க. மறுநாளே கடைக்குப் போகலாம்."

ஒன்பது நாள் விடாமல் உட்கார்ந்தார். பதினோரு விநாடி தேறியது. அதிலும் நாலு விநாடி மௌனம்.

பத்தாம் நாள், கீபோர்டு கம்பெனி இலவசமாகக் கொடுத்த மென்பொருள் ஒன்றை இறக்கினார். அவர் ஆசைப்பட்ட கீபோர்டின் கம்ப்யூட்டர் நகல். அதற்குள் மாதிரிக்கு ஒரு பாட்டு இருந்தது. புல்லாங்குழல், வயலின், டிரம்ஸ் எல்லாம் சேர்ந்து, அளந்து வைத்தாற்போல் மூன்று நிமிஷம்.

மாலையில் மனைவியை உட்காரவைத்து அதைப் போட்டுக் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். ரசித்துக் கேட்கிறார் என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும்.

அவள் கடைசிவரை கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றாள்.

"அந்தப் புல்லாங்குழல் எந்த விரல்ல வாசிச்சீங்க?"

"இடது கை சுண்டு விரல்."

"அதான் அவ்வளவு மென்மையா இருக்கு."

சொன்ன சொல் தவறாமல் மறுநாள் அவளே கடைக்குக் கூட்டிப்போனாள். அவர் தான் ஆசைப்பட்ட கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தி, இதுதான் உயிர் என்றார். கடைக்காரர் பில் புத்தகத்தைத் திறந்தார்.

"அண்ணே, இது தானாவே ஏதாச்சும் வாசிக்குமா?" என்றாள் மனைவி.

"வாசிக்கும்மா." சிவப்புப் பொத்தானைத் தட்டினார்.

புல்லாங்குழல் ஆரம்பித்தது. வயலின் சேர்ந்துகொண்டது. மெக்கானிக்குக்குக் கயிறு அறுந்த லிஃப்டில் நிற்பதுபோல் இருந்தது. அவள் மூன்று நிமிஷமும் தலையாட்டிக் கேட்டாள்.

"ஏங்க, நேத்து வீட்டுல கேட்டதுக்கும் இதுக்கும் வித்தியாசம் ஏதாவது தெரியுதா?"

இல்லை என்றால், பிறகு கீபோர்டு எதற்கு? இருக்கிறது என்றால், அந்தச் சுண்டு விரலை நீட்டி இங்கேயே வாசித்துக் காட்டச் சொல்வாள். அவர் சுண்டு விரலைப் பார்த்தார். பாவம், அது ஒரு தப்பும் செய்யவில்லை.

"இல்ல," என்றார்.

அவள் கடைக்காரரிடம் திரும்பினாள்.

"புத்தகத்தை மூடிடுங்கண்ணே. இவரு சொந்தமா ஒரு பாட்டு போட்டதும் வர்றோம்."