ஹேவார்ட் குடும்பத்துக்கு நான் வாங்கிய சிங்கம்

சந்திர மண்டலத்தில் சம்பந்தம் பேசினாலும் யாழ்ப்பாணத்தார் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "ஆக்கள் எப்படி?" அதாவது என்ன குலம், என்ன பரம்பரை. அதற்குப் பதில் சொல்லவென்றே ஊருக்கு ஒருவர் இருப்பார். மாப்பிள்ளையின் பூட்டன் யார் வளவில் தேங்காய் களவெடுத்தார் என்பதுவரை சொல்லிவிடுவார். (கட்டணம் ஒரு பிளேன்டீ.)

எண்பதுகளின் கடைசியில், ஆங்கிலேயர் தேசத்தில் நாங்கள் குடியிருந்த பிளேஸ்டோ வீட்டுக் குசினியில் நின்று வதனி அக்கா, தன்னோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் வெள்ளைக்காரன் கொலின் ஹேவார்ட்டைத்தான் கட்டுவேன் என்று அறிவித்தபோது எங்களுக்கு வந்த சிக்கல் அதுதான். ஐயா கத்தவில்லை. சோற்றைக் குழைத்தபடி, "ஆக்கள் எப்படியெண்டு அறியாமல் நான் ஓமெண்டு சொல்ல ஏலாது" என்றார். மனோர் பார்க்கில் கோயிலுக்கு வந்த அத்தனை பேரையும் விசாரித்தோம். ஹேவார்ட்டுகளின் பூட்டனை ஒருவருக்கும் தெரியவில்லை.

"நீதானே இங்கிலீசு படிச்சனீ. அவையின்ரை பூர்வீகத்தை அறிஞ்சுகொண்டு வா" என்று ஐயா என்னை ஏவினார்.

எனக்கு அப்போது இருபது வயது, அறிவு பத்து. லைப்ரரிக்குப் போயிருந்தால் அரை மணித்தியாலத்தில் காரியம் முடிந்திருக்கும். நான் போனது சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் ஒரு கடைக்கு. அங்கே குடும்பப் பெயரைச் சொன்னால் அந்தக் குடும்பத்தின் சின்னம் பொறித்த பலகையைத் தருவார்கள். கடைக்காரன் பெட்டியைத் துழாவி ஒன்றை எடுத்தான். பின்னங்காலில் நிற்கும் சிங்கம், கீழே தங்க எழுத்தில் ஹேவார்ட். பக்கத்துப் பலகையில் அதே சிங்கம் வேறு பெயரோடு நின்றது. சொந்தக்காரராக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"ராச பரம்பரை, ஐயா" என்று பலகையை நீட்டினேன். ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"சிங்கமே?"

"ஓம் ஐயா. வீரத்தின்ரை அடையாளம்."

"சிங்கத்துக்குப் பயந்துதானேடா ஊரை விட்டு ஓடி வந்தனாங்கள். இஞ்சை வந்தும் சிங்கத்துக்கே பிள்ளையைக் குடுக்கிறதோ?"

(இலங்கைக் கொடியில் வாளோடு நிற்பதும் இதே இனம்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.) அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அழுதுகொண்டு மாடிக்கு ஓடினாள்.

அடுத்த ஞாயிறு கொலினும் அவனுடைய தகப்பனும் பெண் கேட்டு வந்தார்கள். ஐயா பலகையை மேசைமேல் சாட்சிப்பொருள் மாதிரி வைத்திருந்தார். அதைக் கண்டதும் பெரிய ஹேவார்ட் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். ஓய்வு பெற்ற பிறகு அவருக்குத் தன் குடும்ப வரலாற்றைக் கிண்டுவதே பொழுதுபோக்காம். தங்களிடம் சிங்கமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை என்றார் ஆங்கிலத்தில். ஹேவார்ட் என்பது அந்தக் காலத்தில் கிராமத்து வேலியைக் காக்கும் உத்தியோகம். பயிருக்குள் மாடு புகுந்தால் கொம்பு ஊதி, பிடித்து அடைத்து, சொந்தக்காரனிடம் தண்டம் வாங்க வேண்டும்.

ஐயாவின் ஆங்கிலம் 'தாங்க்யூ'வோடு முடிந்துவிடும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாடு பிடிக்கிற ஆக்கள் என்றால் கல்யாணம் கவிழ்ந்தது என்று நானே தீர்மானித்தேன்.

"எல்லைப் படைத் தளபதியளாம், ஐயா. கொம்பு ஊதி எதிரியளைப் பிடிச்சு அடைக்கிறவையாம்."

ஐயாவின் முகம் கறுத்தது. "சிங்கமும் ஆமியுமோ?" என்றவர், ஊரில் இராணுவத்தைக் கண்டதுபோலக் கதிரையைப் பின்னால் தள்ளினார். அக்கா கொலினின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மொழிபெயர்ப்பில் ஏதோ பிழை என்று பெரிய ஹேவார்ட்டுக்கு விளங்கியிருக்க வேண்டும். தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, கோட்டும் டையுமாகக் கம்பளத்தில் நாலு காலில் இறங்கினார். 'ம்மா' என்று கத்தினார். எங்கள் மணிபிளான்டின் இலையை மேய்ந்தார். பிறகு எழுந்து கையைக் குவித்துக் கொம்பு ஊதி, இல்லாத மாட்டை இல்லாத கயிற்றால் சோபாவில் கட்டி, தண்டம் கேட்டு ஐயாவிடமே கையை நீட்டினார்.

"கட்டாக்காலி மாடு பிடிக்கிற ஆக்களே?" என்றார் ஐயா மெதுவாக.

"ஓம்" என்றேன்.

எங்கள் ஊர் உரும்பிராயில் ஐயாவின் வெங்காயத் தோட்டத்தை வருசம் தவறாமல் அடுத்த வளவு மாடு மேயும். அவர் முறையிடாத அரசாங்கக் கந்தோர் இல்லை. அந்த மாட்டைப் பிடிக்க ஒருவரும் வரவில்லை. ஐயா நீட்டிய கையை இரண்டு கைகளாலும் பற்றினார்.

"இப்பிடி ஒரு மனுசனை எத்தினை வருசமாத் தேடினனான். இதைவிட நல்ல ஆக்கள் எங்கை கிடைப்பினம்?" அக்காவைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் சொன்னதை அச்சில் ஏற்ற முடியாது.

கல்யாணச் சாப்பாட்டில் சம்பந்திகள் இருவரும் கைதுடைக்கும் கடதாசியில் வேலிப் படம் கீறிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஆயுளுக்கும் மொழிபெயர்ப்புத் தடை. சில வருசம் கழித்து ஐயாவுக்கு வயிற்றுக் குத்து வந்தபோது, அக்காவுக்கு ஷிப்ட் என்பதால் வேறு வழியில்லாமல் நான் கூட்டிப்போனேன். டொக்டரிடம் நான் வாயைத் திறந்ததும் ஐயா என்னைக் கையால் தடுத்துவிட்டு, தன் வாழ்நாளின் மிக நீண்ட ஆங்கில உரையைத் தானே ஆற்றினார்:

"நோ லயன். நோ ஆமி. ஒன்லி ஸ்டொமக்."