மாப்பிள்ளையின் டிரம்மில் ஐந்து ஓட்டைகள்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

பதினான்கு படி கீழேயிருந்து உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். மாடியில் நீங்களும் என் மகளும் நலம் என்பது காலையிலிருந்து நீங்கள் குதிக்கிற குதியிலேயே தெரிகிறது. குதியுங்கள். கூரை தாங்கும், நான் போட்டது.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். நேரில் நின்றால் எனக்கு "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை" என்பதைத் தவிர வேறு வார்த்தை வராது. இன்று காலை நாடகக் குழுவிலிருந்து உங்களைத் தேர்ந்தெடுத்த கடிதம் வந்ததும் என்னை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினீர்களே, அப்போது உங்கள் தோளில் தொங்கிக்கொண்டே முடிவு செய்தேன், இனி மறைப்பதில்லை என்று. பதினொரு நாளாக நெஞ்சில் கிடந்த கல் அப்போதுதான் இறங்கியது. அது என்ன கல் என்று சொல்லிவிடுகிறேன்.

நாடகக் குழுவுக்கு வாசித்து அனுப்புகிற இந்த ஒலிப்பதிவு தேறாவிட்டால் டிரம் செட்டை விற்றுவிட்டு என்னோடு தண்ணீர்த் தொட்டி ஒழுகல் அடைக்க வருவதாக நீங்கள் ஒத்துக்கொண்டிருந்தீர்கள். ஒத்துக்கொள்ள வைத்தவன் நான்தான். உங்கள் செருப்பை அளந்து ரப்பர் பூட்ஸ்கூட வாங்கிவிட்டேன். ஆனால் டிரம் அங்கேயே தருகிறார்கள் என்று வெறுங்கையோடு மூன்று நாள் வெளியூர்க் கச்சேரிக்குப் போகும்போது, "மாமா, தூசி மட்டும் தட்டிடுங்க, மத்ததெல்லாம் சுவத்துல எழுதி ஒட்டியிருக்கேன்" என்று சொல்லிப் போனீர்கள் பாருங்கள், அந்த நம்பிக்கை என்னைக் கொன்றுவிட்டது. சரி, போட்டி வேறு, பொறுப்பு வேறு என்று டிரம் இருக்கிற கீழ் அறைக்குப் போனேன். நீங்கள் எழுதியபடியே சிம்பல் தட்டுகளை விரல் படாமல் துணியால் பிடித்துத் துடைத்தேன், மிதிகட்டைக்கு ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன், அத்தோடு எழுந்து வந்திருக்க வேண்டும், ஆனால் நாற்பது வருடப் பழக்கம் சும்மா விடுமா, டார்ச்சை எடுத்து ஒவ்வொரு டிரம்மாகச் சுற்றிப் பார்த்தேன். முதல் டிரம்மின் பக்கவாட்டில் ஒரு ஓட்டை! பென்சில் போகிற அளவு. அதைச் சுற்றி அழகாக ஓர் உலோக வளையம் வேறு. ஓட்டைக்குத் தோடு மாட்டி விற்றிருக்கிறானே என்று அடுத்ததைப் பார்த்தால் அதிலும் ஒன்று, அதற்கடுத்ததிலும் ஒன்று, நீங்கள் காலால் மிதித்து அடிக்கிற பெரியதிலும் ஒன்று. ஐந்துக்கு ஐந்து. கடைக்காரன் என் மாப்பிள்ளையின் தலையில் மிளகாய் அரைத்துவிட்டான் என்று எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! என்னைக் 'கசிவு டாக்டர்' என்று கூப்பிடுகிறார்கள், என் வீட்டிலேயே ஐந்து ஓட்டையா? தொட்டிக்குப் போடுகிற கறுப்புப் பசையை எடுத்து ஐந்தையும் உள்ளும் புறமும் கச்சிதமாக அடைத்தேன். கறுப்பு டிரம், கறுப்புப் பசை, அடைத்த இடம் கண்ணுக்கே தெரியவில்லை. பிறகு முறைப்படி தண்ணீர் நிரப்பிச் சோதிக்கப் பெரியதைக் குளியலறைக்கு உருட்டிக்கொண்டு போனபோது உங்கள் அத்தை வாசலை மறித்துக்கொண்டாள். "அதுல ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தா, இந்த வீட்ல உங்களுக்கு ஒரு வாய் காப்பி கிடையாது, சொல்லிட்டேன்" என்றாள். தெய்வம் மாதிரி வந்தாள்.

நீங்கள் திரும்பி வந்து சுவரில் மெத்தையைக் கட்டி, பெரிய டிரம்முக்குள் என் தலையணையைத் திணித்து, துடைப்பக் கட்டையில் மைக்கைத் தொங்கவிட்டு உட்கார்ந்தீர்கள். ஓர் அடி அடித்தீர்கள். உங்கள் முகம் சுருங்கியது. தோலை முறுக்கினீர்கள், தளர்த்தினீர்கள், குச்சியை மாற்றினீர்கள், மெத்தையை அவிழ்த்தீர்கள், மறுபடி கட்டினீர்கள். நாலு மணி நேரம். அன்றுதான் கடைசி நாள் என்பதால் வந்தது வரட்டும் என்று பதிவு செய்து அனுப்பிவிட்டு, குச்சியைக் கீழே வைத்து, "மாமா, டிரம் பேசமாட்டேங்குது. என் கை செத்துப் போச்சு போல" என்றீர்கள். எனக்கு அப்போதும் புரியவில்லை, சத்தியம். மறுநாள் வாத்தியம் பழுது பார்ப்பவரிடம் போய்க் கடைக்காரனைத் திட்டித் தீர்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, அது காத்து போற வழி. அடிச்சா உள்ள இருக்கற காத்து வெளிய போகவேண்டாமா? அதைப் போய் யாராவது அடைப்பாங்களா?" என்றார். "அடைக்கமாட்டாங்க, அடைக்கமாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தேன், செருப்பை அங்கேயே விட்டுவிட்டு.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை மாப்பிள்ளை. நல்லது செய்யப் போய்த்தான் இப்படி ஆயிற்று என்றால் யார் நம்புவார்கள்? பூட்ஸ் வாங்கி வைத்திருக்கிற மாமனார், பந்தயத்தில் ஜெயிக்க மாப்பிள்ளையின் டிரம்மை அடைத்தான் என்றுதானே ஆகும்? தாளம் போடுகிறவனுக்கா என் பெண் என்று கல்யாணத்தின்போது நான் கேட்டது உங்களுக்கு மறந்திருக்காது. நீங்கள் தினமும் உங்கள் கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், நான் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்காமல் இருந்ததுதான் என் தப்பு. அதற்கு மன்னித்துவிடுங்கள். உங்கள் கைக்கு ஒன்றுமில்லை, அது நன்றாகவே இருக்கிறது.

இனி ஒரு கவலையும் வேண்டாம். காலையில் நீங்கள் மாடிக்குப் போனதுமே ஐந்து ஓட்டையையும் சுரண்டித் திறந்து, துளி கறுப்பு இல்லாமல் துடைத்து வைத்துவிட்டேன். ஊதிப் பார்த்தேன், காற்று ஜம்மென்று போகிறது. பசை டின்னைப் பரணில் போட்டுவிட்டேன். இனி அந்த டிரம் பக்கம் என் விரல்கூடப் போகாது, இது உங்கள் அத்தையின் காப்பிமேல் ஆணை. பூட்ஸையும் கடையில் திருப்பிக் கொடுத்தாயிற்று.

கை நோகாமல், குச்சி உடையாமல், பார்க்கிறவர்கள் எழுந்து நின்று கைதட்ட நீங்கள் நூறு மேடை ஏற வேண்டும் என்று நானும் அத்தையும் வாழ்த்துகிறோம். மகளுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
தப்புச் செய்த, ஆனால் கெட்டவன் அல்லாத,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: இதை உங்கள் கதவுக்கடியில் தள்ள மாடிப்படி ஏறும்போது என் மகள் எதிரே வந்து, நாடகக் குழுவின் கடிதத்தில் இரண்டாம் பக்கத்தைப் படித்தீர்களா அப்பா என்றாள். குதித்த குதியில் நாம் யாரும் பக்கத்தைத் திருப்பவே இல்லை. அதில் இப்படி இருக்கிறது: "மற்றவர்களின் டிரம் எல்லாம் கணகணவென்று ஒலித்து, பாடுகிறவரின் வார்த்தைகளை விழுங்கின. உங்களுடையது சொல்ல வேண்டியதைச் சொன்னதும் வாயை மூடிக்கொள்கிறது. எங்கள் மேடைக்கு வேண்டியது அதுதான். திங்கள்கிழமை அதே டிரம், அதே சத்தத்தோடு வரவும். அதை எப்படிச் செய்தீர்கள் என்று எங்கள் ஒலிப்பதிவாளர் கேட்கிறார்."

ஆகவே, மேலே எழுதிய மன்னிப்பு, ஆணை எல்லாவற்றையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். டின்னைப் பரணிலிருந்து இறக்கியாயிற்று. பசை காய ஆறு மணி நேரம், அதுவரை தயவுசெய்து கீழே வர வேண்டாம். திங்கள்கிழமை நானும் வருகிறேன், வழியில் ஏதாவது பிரிந்தால் அடைக்க ஆள் வேண்டும். ஒலிப்பதிவாளர் கேட்டால் எங்கள் மாமாவின் வேலை என்று சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.