நாற்பது அறைக் குகை

வீட்டில்தான் என் பேச்சு எடுபடுவதில்லை, ஒரு மேசையிலாவது எடுபடட்டும் என்று முடிவு செய்தேன். பதினொரு வருட இல்லறத்தில் நானாக எடுத்த ஒரே முடிவு. அதற்கும் மனைவியிடம் அனுமதி வாங்கினேன்.

அது ஒரு கதை விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரன், திருடன் என்று வேடம் ஏற்று, என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். சிக்கல் வந்தால் பகடை. மழை, பூகம்பம், மரணம் எல்லாம் நடத்துபவர் கையில். நான் லிஃப்ட் மெக்கானிக். ஊரையே ஏற்றி இறக்குகிறவன், வீட்டில் மட்டும் தரைத்தளம். விடுவேனா?

நடத்துபவர்களுக்கான அறிவுரைகளைத் தேடித் தேடிப் படித்தேன். எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: ஆடுபவர் எதைக் கேட்டாலும் 'முடியாது' என்று சொல்லாதே. 'சரி, ஆனால்' என்று சொல்.

சுலபம்தான். மனைவியிடம் நான் 'முடியாது' சொன்னதே ஒரே தடவை. போன வாரம். கண் ஆபரேஷன் முடிந்த மாமியார் ஒரு மாதம் வந்து தங்கட்டுமா என்றாள். இடமில்லை என்றேன். பின்னறை முழுக்க விளையாட்டுக்காக நான் வரைந்த குகை வரைபடங்கள். அவள் உடனே தலையாட்டிவிட்டாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

ஞாயிறு மதியம். மனைவி, அவள் தம்பியான என் மச்சான், பக்கத்து வீட்டுப் பல் டாக்டரம்மா.

"குகை வாசலில் டிராகன்!" என்று கர்ஜித்தேன். "மூக்கில் புகை! கண்ணில் நெருப்பு!"

மச்சான் வாளை உருவினான்.

"இருடா. நான் அதுகிட்ட பேசணும்" என்றாள் மனைவி.

"டிராகன்கிட்ட என்ன பேச்சு?"

"ஏன், உங்ககிட்ட பேசலையா?"

"வாயைத் திறக்கச் சொல்லுங்க, பல்லைப் பார்த்துடுறேன்" என்றார் டாக்டரம்மா.

மனைவி என் பக்கம் திரும்பினாள். "டிராகனே, உள்ள எத்தனை அறை?"

"நாற்பது!" என்றேன், பெருமை தாங்காமல்.

"நீ ஒருத்தன்தானே? எங்கம்மா கண்ணு தெரியாம வெளியில நிக்கிறாங்க. ஒரு மாசத்துக்கு ஒரு அறை குடு."

பகடையை அவள் பக்கம் தள்ளினேன். "சரி, ஆனால்... இருபதுமுகப் பகடையில் பதினெட்டுக்கு மேல் விழணும்."

உருட்டினாள். பத்தொன்பது.

"மறுபடியும் உருட்டு!"

"அழுகுணி ஆட்டம்" என்றார் டாக்டரம்மா.

"சரி, கொடுத்தேன்" என்று முனகினேன்.

மச்சான் போனை எடுத்துவிட்டான். "அம்மா, கிளம்புங்க. மாமா சரின்னுட்டார்."

"நான் எங்கேடா சொன்னேன்? டிராகன்தானே சொல்லுச்சு!"

"அம்மாவுக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள் மனைவி. பிறகு குரல் தணிந்தது. "அவங்களா கண்ணுக்கு மருந்து விட்டுக்கிட்டா, பாதி தலையணையிலதாங்க விழுது."

நான் எழுந்து போய் வரைபடங்களைச் சுருட்டினேன். மூன்று வாரத்து உழைப்பு, கட்டிலுக்கடியில்.

மாமியார் வந்தார். கண்ணில் பச்சைத் திரை. விளையாட்டைப் பற்றி விசாரித்தார். அடுத்த ஞாயிறு என் நாற்காலியில் உட்கார்ந்தார். "கண்ணுதானே சரியில்ல, வாய் நல்லாத்தான் இருக்கு. கதையை நான் நடத்துறேன்."

எல்லோருக்கும் வேடம் கொடுத்தார். எனக்கு இல்லை.

"எனக்கு எந்தப் பாத்திரம் அத்தை?"

"சிங்க்ல நிறைய இருக்கு மாப்பிள்ளை. எது வேணுமோ எடுத்துக்குங்க."