மைக்ரோவேவுக்கு ஒரு பர்மிட்

முந்நூறு பேர் வேலை செய்யும் ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்பு விதிகளைத் தமிழில் எழுதியவன் நான். ‘இயந்திரம் ஓடும்போது கையை உள்ளே விடாதீர்’ என்று தொடங்கி நூற்றுப் பன்னிரண்டு விதிகள், அத்தனையும் என் கைவண்ணம். அப்படிப்பட்ட நான், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஆறிப்போன அவித்த முட்டையை ஓட்டோடு மைக்ரோவேவுக்குள் வைத்து இரண்டு நிமிடம் அழுத்திவிட்டு, கைகட்டி நின்று வேடிக்கை பார்த்தேன்.

ஒன்றரை நிமிடத்தில் கதவு தானாகத் திறந்தது. மஞ்சள் கரு கூரைக்குப் போனது. வெள்ளைக் கரு என் மூக்குக் கண்ணாடியில் தங்கிவிட்டது. சத்தம் கேட்டு ஓடி வந்த எச்.ஆர். மேடம், “என்ன சார் ஆச்சு?” என்றார்.

“வோல்டேஜ் ஏறிடுச்சு போல மேடம்” என்றேன், முட்டைக்குப் பின்னாலிருந்து.

ஓசூர் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு வயரிங் செய்யும் கம்பெனி எங்களுடையது. அந்த மைக்ரோவேவ் ஏதோ போட்டியில் கம்பெனிக்குப் பரிசாக வந்தது. சூடு மட்டும் பண்ணுவதல்ல, கேக்கும் சுடும் கன்வெக்ஷன் வகை. எச்.ஆர். மேடம் கூரையை அண்ணாந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்: “இனிமே இன்னொரு இன்சிடென்ட் நடந்துச்சுன்னா, இந்த மிஷின் கெஸ்ட் ஹவுஸுக்குப் போயிடும். அவ்வளவுதான்.”

எனக்கு அதனால் நஷ்டமில்லை. ஆறிய சோறு தின்று பழகியவன். அடி விழுவது அசெம்பிளி லைன் பெண்களுக்குத்தான். செல்வி என்று ஒருத்தி. ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து இருட்டோடு கம்பெனி பஸ் ஏறுகிறவள். மூன்றரை மணிக்குச் சமைத்த சோறு பன்னிரண்டு மணிக்குக் கல்லாக இருக்கும். வயிற்றுப் புண்ணுக்கு மருந்து சாப்பிடுகிறாள். சூடாகச் சாப்பிடச் சொல்லி டாக்டர் உத்தரவு. கேண்டீன் சாம்பாரோ நல்ல வயிற்றிலேயே புண் வரவழைக்கும். ஆக, நாற்பது பெண்களின் சூடான சோறு அந்த ஒரு பெட்டியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை ஒரு முட்டையால் அறுக்கப் பார்த்தவன் நான்.

இந்த இடத்தில்தான், நாங்கள் ‘பர்மிட்’ என்று கூப்பிடும் ஆள் உள்ளே வருகிறார். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டிலிருந்து கிருஷ்ணகிரி டோல்கேட் வரை தேடினாலும், மனிதனின் பசியைப் படிவமாக மாற்றுவதில் அவருக்கு இணையான ஆள் கிடையாது. மெயின்டெனன்ஸ் எலக்ட்ரீஷியன்; தேன்கனிக்கோட்டைப் பக்கம். வீட்டில் தெலுங்கு, திட்டுவதற்குக் கன்னடம், விதி சொல்வதற்குத் தமிழ், படிவம் நிரப்ப ஆங்கிலம். நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. அவர் மகள் கல்யாணப் பத்திரிகையில் அது அச்சாகியிருந்ததால், யார் வீட்டுக் கல்யாணம் என்று புரியாமல் பாதிப் பேர் போகவில்லை.

தொழிற்சாலைகளில் ஒரு வழக்கம் உண்டு. வெல்டிங் வைக்க வேண்டுமென்றால் முதலில் ‘பர்மிட்’ என்ற தாளை நிரப்ப வேண்டும். யார், எங்கே, எத்தனை நேரம், பக்கத்தில் தீயணைப்பான் இருக்கிறதா என்றெல்லாம் கேட்கும். வெல்டருக்கு அது சரி. ஆனால் இவர் கையில் மைக்ரோவேவ் இருக்கும் பேன்ட்ரியின் பொறுப்பை ஒப்படைத்த மறுநாளே, ரசம் சூடு பண்ணுகிறவனுக்கும் பர்மிட் என்று அறிவித்துவிட்டார். பதினொரு கட்டங்கள். கீழே இரண்டு கையெழுத்துகள்.

“பேரு?”

“ஏங்க, தினமும் பாக்கறீங்க. என் பேரு தெரியாதா?”

“எனக்குத் தெரியும் சார். ஃபாரத்துக்குத் தெரியாது. என்னா ஐட்டம்?”

“ரசம்.”

“மூடி டைட்டா, லூஸா?”

“மூடி மாதிரி இருக்கு.”

“லூஸ் பண்ணுங்க. ஆவி போறதுக்கு நாம வழி வுடலன்னா ரசமே வழி தேடிக்கும். அன்னைக்கு முட்டை தேடிக்கல?”

வரிசையில் நின்றிருந்த பெண்கள் சிரித்தார்கள். நான் கையெழுத்துப் போட்டேன்.

டிபன் டப்பாக்களை அவர் நம்புவதில்லை. ஒவ்வொன்றையும் நகத்தால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்பார், தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி. ஐடி கார்டு கயிற்றில் ஒரு காந்தம் தொங்கும். அதை ஒட்டிப் பார்ப்பார். இதற்கெல்லாம் மசியாமல் ஒரு நாள் நான் வீட்டு ஷோகேஸிலிருந்து வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்றைக் கொண்டுபோனேன். விளிம்பில் மெல்லிய பொன்னிறக் கோடு. காந்தம் ஒட்டவில்லை. வெற்றி என்று நினைத்தேன். மனிதர் பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்தார். இரண்டு முனைகளையும் அந்தக் கோட்டில் வைத்தார். ‘பீப்’ என்றது.

“தங்கம் பேசுது சார்” என்றார். “உள்ள போனா மின்னலடிக்கும். பேடா, வேணாம்.”

கரண்டு பாய்கிறதா என்று பரிசோதிக்கப்பட்ட தட்டில் சாப்பிட உட்கார்ந்த முதல் எழுத்தாளன் நானாகத்தான் இருப்பேன்.

பிறகு எல்லோருக்கும் பயிற்சி என்று இருபது நிமிடம் நிற்க வைத்தார். “இந்த ஒரு பொட்டிக்குள்ள ரெண்டு மாமியார் குடியிருக்காங்க. மைக்ரோவேவ் மாமியாருக்குக் கண்ணாடி, பீங்கான், நான் செக் பண்ணி நீல ஸ்டிக்கர் ஒட்டன பிளாஸ்டிக் டப்பா, இதெல்லாம் புடிக்கும். ஸ்டீல், ஃபாயில் பேப்பர் ஆவவே ஆவாது. கன்வெக்ஷன் மாமியாருக்கு ஸ்டீல் ஓகே, பிளாஸ்டிக்கப் பாத்தாலே கொலவெறி. ஒருத்திக்குப் புடிச்சது இன்னொருத்திக்குப் புடிக்காது. கன்வெக்ஷன் ஓடி முடிஞ்சா நாப்பது நிமிசம் சிவப்பு டேக் தொங்கும். பொட்டி வெளிய பாத்தா சாது, உள்ள கொதிக்குது. அந்த நேரம் யாரும் கிட்ட வரப்படாது.” பின் வரிசையில் நானும் ஸ்டோர்ஸ்காரரும் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

சனிக்கிழமை மதியம் அவருக்குப் புனிதமான பொழுது. எலுமிச்சை பிழிந்த தண்ணீரை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் உள்ளே வைத்து, நடுவில் மரக்குச்சி ஒன்று போட்டு, ஐந்து நிமிடம் ஆவி பிடிக்க விடுவார். ஜலதோஷம் பிடித்த குழந்தைக்குக்கூட அத்தனை பக்குவம் நடக்காது. பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெல்லிய துணியால் துடைப்பார். கம்பி நாரை யாராவது எடுத்தால் கன்னடம் புறப்படும். டார்ச் அடித்து உள்சுவரில் இருக்கும் மைக்கா தகட்டில் எண்ணெய் தெறித்துக் காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். பொறி கிளம்புவது அங்கேதானாம். கடைசியாகக் கதவிடுக்கில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகி மூடி இழுப்பார். காகிதம் வராமல் இறுகப் பிடித்தால் ஒரு புன்னகை. வாரத்துக்கு அது ஒன்றுதான்.

ஆயுத பூஜைக்கு மற்ற இயந்திரங்கள் சந்தனத்திலும் சாமந்தியிலும் மூழ்கிக் கிடக்க, மைக்ரோவேவுக்கு மட்டும் கதவோரத்தில் ஒரே ஒரு குங்குமப் பொட்டு. மாலையோடு வந்த பெண்களை மறித்துவிட்டார். “காத்து போற ஓட்டைய மூடிட்டுக் கும்புட்டா சாமிக்கே மூச்சு முட்டும்மா.”

நான் அவரை மனதார வெறுத்தேன். இத்தனை இலக்கியம் படித்தவன் சும்மா இருப்பேனா? ‘மூச்சு விடுவதற்கான பர்மிட்’ என்று ஒரு படிவம் தயாரித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். ‘உள்ளே இழுக்கும் காற்றின் அளவு, வெளியே விடும் காற்றின் வெப்பம், மூக்கின் மூடி டைட்டா, லூஸா?’ கம்பெனியே சிரித்தது. பர்மிட் வந்து நின்று, விரலால் வரிவரியாகத் தொட்டுப் படித்தார். என்னிடம் திரும்பினார்.

“நல்லாருக்கு சார். ஆனா ஏழாவது கட்டத்துல கையெழுத்துக்கு எடம் வுடல.”

அதோடு நிற்கவில்லை. அதைக் கழற்றிக் கொண்டுபோய்க் கோப்பில் சேர்த்துவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவரைப் போச்சம்பள்ளியில் இருக்கும் எங்கள் இன்னொரு யூனிட்டுக்கு அனுப்பினார்கள். பொறுப்பை யாரிடமாவது எழுத்து மூலம் ஒப்படைக்காமல் அவர் நகர்வாரா? விதிகளை எழுதியவன் என்ற ஒரே தகுதியில் என்னைத் தேர்ந்தெடுத்தார். படிவக் கட்டையும் சிவப்பு டேக்கையும் என் கையில் வைத்தார்.

“ஒரு நாளுதான் சார். நீங்களா எதுவும் யோசிக்காதீங்க. ஃபாரம் சொல்றத மட்டும் பண்ணுங்க.”

அவர் வண்டி கேட்டைத் தாண்டியதும் இரண்டையும் டிராயரில் தள்ளி மூடினேன். விடுதலை!

பதினொரு மணிக்கு எச்.ஆர். மேடம் கேக் மாவோடு வந்தார். அந்த மாதம் பிறந்தநாள் வருகிறவர்களுக்காகத் தானே சுடப்போகிறாராம். “கன்வெக்ஷன்ல வைக்கணும் சார். ஃபாரம் ஏதாவது எழுதணுமா?”

“உங்களுக்கு எதுக்கு மேடம்?” என்றேன், ஜமீன்தார் மாதிரி.

கேக் நன்றாகவே வந்தது. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அதை எடுத்துக்கொண்டு போனார். பன்னிரண்டுக்கு மணி அடித்தது. வரிசையில் முதல் ஆள் செல்வி. அவள் கையில் நீல ஸ்டிக்கர் ஒட்டிய பிளாஸ்டிக் டப்பா.

“டேக் மாட்டலீங்களா சார்? இப்பதான மேடம் கேக் எடுத்தாங்க?”

“டேக்காவது ஒண்ணாவது. குடும்மா இப்படி.”

வாங்கி உள்ளே வைத்தேன். கதவைத் திறந்தபோது முகத்தில் அடித்த அனலை, நல்ல பெட்டி, சீக்கிரம் சூடாகிறது என்று எடுத்துக்கொண்டேன். ஒரு நிமிடத்தில் டயர் எரிகிற நாற்றம். கண்ணாடிக்குப் பின்னால் புகை சுருண்டது. நான் கதவுப் பிடியைப் பற்றினேன். செல்வி அதற்குள் பர்மிட்டுக்குப் போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டாள்.

“அண்ணா, மைக்ரோவேவ்ல பொகை வருதுண்ணா!”

“சாரோட கை எங்க இருக்குது?” இதுதான் அவருடைய முதல் கேள்வி. “கதவு மேலயா? எடுக்கச் சொல்லு! கதவத் தொறந்தா காத்து பூந்து நெருப்பு புடிச்சிக்கும். ஆஃப் பண்ணுங்க. பிளக்கப் புடுங்குங்க. சும்மா நில்லுங்க. சார், சும்மா நிக்கறீங்களா?”

“நிக்கறேங்க.”

“அதையே பண்ணுங்க.”

புகை மெல்ல அடங்கியது. நெருப்பு பிடிக்கவில்லை. வெகுநேரம் கழித்து அவர் அனுமதியோடு திறந்தபோது, டப்பாவின் அடிப்பாகம் கண்ணாடித் தட்டில் ஊத்தப்பம் போலப் பரவியிருந்தது. உதவி செய்வதாக நினைத்துத் தட்டைத் துணியால் பிடித்துக் குழாயடிக்குத் தூக்கிப்போய்க் குழாயைத் திறந்தேன். “சூட்டுத் தட்டுல தண்ணி ஊத்தாதீங்க, வெடிச்சிடும்!” என்று போன் அலறியது. நாற்பது பெண்களும் ஆறிய சோறு தின்றார்கள். செல்விக்கு அதுவும் இல்லை. பிறந்தநாள் கேக்கைத் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு லைனுக்குப் போனாள். நான் அன்று சாப்பிடவில்லை.

மூன்று மணிக்குப் பர்மிட் வந்து சேர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. டார்ச் அடித்தார், காகிதம் செருகி இழுத்தார், பெட்டி பிழைத்துவிட்டது என்று தலையாட்டினார். பிறகு உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். எச்.ஆர். மேடமும் டீ இடைவேளைப் பெண்களும் சூழ்ந்துகொண்டார்கள். எங்கள் கம்பெனியில் எது நடந்தாலும் ஐந்து முறை ‘ஏன்’ கேட்டு எழுத வேண்டும். அவர் எழுதியதைச் சத்தமாகப் படித்தார்.

“டப்பா ஏன் உருகுச்சு? பொட்டி உள்ள சூடு. ஏன் சூடு? முன்னாடி கன்வெக்ஷன் ஓடிருக்குது. அப்ப ஏன் டப்பா வெச்சாங்க? டேக் இல்ல. ஏன் டேக் இல்ல? பொறுப்புல இருந்தவருக்குப் பயிற்சி இல்ல. ஏன் பயிற்சி இல்ல? பயிற்சி நடக்கும்போது சிரிச்சிக்கிட்டு இருந்தாரு.” பேனாவை நிமிர்த்தினார். “கன்வெக்ஷன் ஓட்டனது யாருங்க? பேரு போடணும்.”

எச்.ஆர். மேடம் தொண்டையைக் கனைத்தார். “இத இன்சிடென்ட்னு போடணுமாங்க? நெருப்புப் பிடிக்கலையே. ‘நியர் மிஸ்’னு போட்டுடுங்க. இன்சிடென்ட்னா நான் சொன்னபடி மிஷினை அனுப்பியாகணும்.”

‘நியர் மிஸ்’ என்றால் நடந்திருக்க வேண்டியது, மயிரிழையில் நடக்காமல் போனது. இவர் தலையை ஆட்டினால் போதும், பெட்டி பிழைக்கும். பெண்கள் அவர் பேனாவையே பார்த்தார்கள்.

“பொருள் சேதம் இருந்தா இன்சிடென்ட்டுங்க மேடம்” என்றார் பர்மிட். “டப்பா சேதமாயிருக்குது.”

அவரைக் கடித்துவிடலாமா என்று தோன்றியது. இப்படியும் ஒரு ஜென்மமா? தன் உயிராகப் பார்த்துக்கொண்ட பெட்டியையே ஒரு கட்டத்தை நிரப்புவதற்காகப் பலி கொடுக்கிறாரே!

செல்வி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மேசையில் அப்பளமாகக் கிடந்ததை எடுத்துப் பார்த்தாள்.

“எந்த டப்பா? இதா? இது நேத்தே இப்பிடித்தான்ணா இருந்துச்சு. பஸ்ஸுல ஒருத்தி மேல ஒக்காந்துட்டா.”

பர்மிட் டப்பாவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பேனா காற்றில் நின்றது.

“ஒக்காந்தவங்க பேரு?”

“தெரியலண்ணா. வேலைய வுட்டு நின்னுட்டா.”

பிறகு அவர் குனிந்து, ‘டப்பா: ஏற்கெனவே சேதம். சாட்சி: உரிமையாளர்’ என்று எழுதினார். எப்போதும் கோடு மாறாத கையெழுத்து அந்த ஒரு வரியில் மட்டும் கீழே சரிந்திருந்தது. மேடம் ‘நியர் மிஸ்’ஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேகமாகப் போனார். எனக்கு மறுபடியும் பயிற்சி நடந்தது. நான் ஒருவன் மட்டும், இருபது நிமிடம், நின்றுகொண்டு. சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை செல்வியின் இடத்தில் தடித்த கண்ணாடி டப்பா ஒன்று இருந்தது. மல்டிமீட்டர், காந்தம், நகத்தால் சுண்டுவது எல்லாவற்றிலும் தேறியது. யார் கொடுத்தது என்று எழுதியிருக்கவில்லை. பர்மிட் கையிலிருந்து படிவம் இல்லாமல் வெளியே போன பொருள், எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

சில வாரங்கள் கழித்து டீ நேரத்தில் செல்வியிடம் கொஞ்சம் தழுதழுத்துவிட்டேன். அந்த மனிதரைத் தவறாக எடைபோட்டுவிட்டேன், படிவத்துக்கு அடியில் எப்பேர்ப்பட்ட மனசு பார் என்றெல்லாம்.

“மனசெல்லாம் சரிதான் சார்” என்றாள் அவள், தோளைத் தேய்த்துக்கொண்டே. “அந்தக் கண்ணாடிய ஊத்தங்கரையிலருந்து தெனம் தூக்கியாந்து எனக்குத் தோள்பட்டையே எறங்கிடுச்சு. வேற டப்பா கொண்டாரலாம்னா, அந்த அண்ணன் மூஞ்சி வாடிப்போயிடும்.”