ஆறு அம்புக்கு ஆறு கூப்பாடு

"என்னங்க, இதைக் கொஞ்சம் உருவித் தாங்களேன்!"

கொல்லைப்பக்கத்திலிருந்து நான்காவது கூப்பாடு. கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் செருகியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றினார். மேசைமேல் ஒரு கைக்கடிகாரம் குடல் சரிந்து கிடந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார்.

அவர் மனைவி பல் டாக்டர். கிளினிக் திறக்கும் முன் தினமும் அம்பு விட்டுப் பழகுவார். ஆறு அம்பும் குறி தப்பாது. திரும்ப வரத்தான் மறுக்கும். கடிகாரக்காரர் குறிப்பலகையில் ஒரு காலை உதைந்து, பல்லைக் கடித்து, ஒவ்வொன்றாக இழுப்பார். அவர் இழுத்து முடிப்பதற்குள் டாக்டரம்மா முந்தின நாள் கதை முழுவதையும் சொல்லிவிடுவார்: யார் விரலைக் கடித்தார், யார் ஊசியைப் பார்த்ததும் ஓடினார். இவர் "ம்" என்பார். ரொம்ப நல்ல கதையென்றால் "அப்புறம்?" என்பார்.

வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிற மனிதர். இருபதாவது கல்யாண நாளுக்கு ஏதாவது சொல்ல நினைத்தார். வரவில்லை. பதிலுக்கு இந்தப் பலகையைச் செய்து கொடுத்தார். ஸ்பாஞ்சுத் தகடுகளை அடுக்கி, மேலும் கீழும் கட்டை வைத்து, நான்கு நீள போல்ட்டுகளால் முறுக்கினார். இருபது வருஷமாகச் சொல்லாததையெல்லாம் சேர்த்து இறுக்கிவிட்டார் போலிருக்கிறது. போன அம்பை அது விடவே இல்லை.

அன்று டாக்டரம்மா போனில் பேசியது அவர் காதில் விழுந்தது.

"கிளப்புக்கா? வரலாம்தான். அங்க பலகை நல்லாயிருக்குன்னு சொல்றாங்க. பார்க்கலாம் சார்."

கடிகாரக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவள் வில்வித்தைக் கிளப்புக்குப் போய்விட்டால் தன் பலகைக்கு மூலைதான்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணிடறேன்" என்றார்.

"எதுக்குங்க? இப்படியே இருக்கட்டுமே."

என் மனசு நோகக் கூடாதென்று சொல்கிறாள், என்று நினைத்துக்கொண்டார்.

முதலில் அம்புகளில் சோப்பைத் தேய்த்தார். அம்பு வழவழவென்று உள்ளே போனது. காலை உதைந்து இழுத்தபோது அம்பு இருந்த இடத்திலேயே இருந்தது. கைதான் வழுக்கிக்கொண்டு வந்தது. மனிதர் மல்லாக்க வேலிச்செடியில் போய் விழுந்தார்.

டாக்டரம்மா ஓடிவந்து குனிந்தார். "பல்லு ஏதும் ஆடுதா?"

கிளினிக் சாவி வாங்க வந்து நின்ற நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் சோப்பைத் துடைத்துவிட்டு, பிடிமானத்துக்கு ரப்பர் துண்டைச் சுற்றி இழுத்தார். அம்பு சுலபமாக வந்தது. ஆனால் மொட்டையாக வந்தது. முனை உள்ளேயே நின்றுவிட்டது.

"வேர் உள்ள நின்னுடுச்சு" என்றார் டாக்டரம்மா. "எங்க தொழில்ல இதுக்குத் தனியா கீறணும்."

அடுத்த நாள் நட்டுகளைத் தளர்த்தினார். அம்பு பலகையில் நிற்கவே இல்லை. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய், பின்னால் கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவருடைய ஒரே நல்ல சட்டையின் பையைத் துளைத்துத் தொங்கியது.

"நெஞ்சுக்கு நேரா!" என்றார் டாக்டரம்மா. "குறி தப்பலை பாருங்க."

"நல்லவேளை, நான் உள்ள இல்ல."

இருபது வருஷத்தில் அவர் சொன்ன மூன்றாவது நகைச்சுவை அது. டாக்டரம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

சனிக்கிழமை கடிகாரக்காரர் தொழில்முறையில் இறங்கினார். நட்டுக்குக் கால் திருப்பு, ஓர் அம்பு; மறுபடி கால் திருப்பு, மறுபடி ஓர் அம்பு. அம்புகளில் மெழுகை, கடிகாரத்துக்கு எண்ணெய் விடுகிற கணக்கில், பட்டும் படாமலும் பூசினார். பொழுது சாயும்போது அம்பு கச்சிதமாய்க் குத்தி நின்றது. இரண்டு விரலால் இழுத்தால் வெண்ணெயில் போட்ட கத்திபோல வந்தது.

"இனிமே என்னைக் கூப்பிடவே வேண்டாம்" என்றார் பெருமையாக.

டாக்டரம்மா ஓர் அம்பை உருவிப் பார்த்தார். திரும்பச் செருகினார். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஞாயிறு, திங்கள், செவ்வாய். கொல்லைப்பக்கத்தில் டப், டப் என்று ஆறு சத்தம், பிறகு ஒன்றுமில்லை, பிறகு மறுபடி ஆறு. பதினொரு கடிகாரங்கள் சுற்றி டிக்டிக் என்றன. தன் வீட்டுக் கடிகாரங்கள் இவ்வளவு சத்தம் போடும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. செவ்வாயன்று அவர் வலியப் போய் எட்டிப் பார்த்தார். "எல்லாம் வருதுங்க" என்றார் டாக்டரம்மா, திரும்பாமலே. விரலைக் கடித்தவர் கதை என்ன ஆயிற்றென்று கேட்க வாயெடுத்தார். எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல் வந்துவிட்டார்.

புதன்கிழமை நர்ஸ் சாவிக்கு வந்தபோது வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"டாக்டரம்மாவுக்கு என் பலகை பிடிக்கலையாம்மா? கை வலிக்குமேன்னுதானே சரி பண்ணேன். முன்ன ஒரு அம்புகூட அவங்களால உருவ முடியலையே?"

நர்ஸ் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரால, டாக்டரம்மாவாலயா? போன மாசம் நீங்க மூணு நாள் வெளியூர் போனீங்களே சார், அப்ப இதே பலகையில ஆறு அம்பையும் ஒத்தக் கையாலதான் உருவினாங்க. இன்னொரு கையில காபி இருந்துச்சு."